எழும்பூர் வாசல் எல்லோருக்கும் திறந்திருக்குமா?

விடியற்காலை நேரம்.

செங்கல்பட்டு தாண்டியதுமே ரெயில் பெட்டிக்குள் பரபரப்பு தொடங்கிவிடும். மேல் பெர்த்தில் தூங்குகிறவரைத் தட்டி எழுப்புவார்கள். சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்ட பையை இழுப்பார்கள். ஒற்றைச் செருப்பைக் காணோம் என்று ஒருவர் குனிந்து தேடுவார். தாம்பரம் போகும். மாம்பலம் போகும்.

"எழும்பூர் வந்தாச்சா?"

"வந்தாச்சு, வந்தாச்சு. இறங்கு!"

இந்த ஒரு பதிலுக்காக ராத்திரி முழுக்க உட்கார்ந்தபடியே வந்தவர்கள் எத்தனையோ லட்சம் பேர்!

திருநெல்வேலிக்காரர் கையில் அல்வா. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் கையில் பால்கோவா. கோவில்பட்டிக்காரர் பையில் கடலை மிட்டாய். மதுரையிலிருந்து வருகிற அம்மாவின் தலையில் நேற்று வைத்த மல்லிகை. தென்மாவட்டங்கள் அத்தனையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறங்குகிற இடம் எழும்பூர்.

ஊரில் அவர்களை வழியனுப்பியவர்கள் சொல்லியிருப்பார்கள்: "எழும்பூர்ல இறங்கிடு. அப்புறம் யாரை வேணும்னாலும் கேட்டுக்கலாம்."

எழும்பூர் வந்தால் சென்னை வந்துவிட்டது என்று அர்த்தம். 100 வருடத்துக்கு மேலாக இந்தக் கணக்குதான் நடந்துவருகிறது.

அந்தக் கணக்கு இப்போது மெல்ல மாறுகிறது. என்ன மாற்றம் என்று சொல்வதற்கு முன்னால், இந்த நிலையத்தின் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

சினிமா செய்த தப்பு

நம் சினிமாவில் ஒரு காட்சி அடிக்கடி வரும். கிராமத்துக் கதாநாயகன் பட்டணத்துக்கு வருவான். கையில் ஒரு தகரப் பெட்டி. அண்ணாந்து பார்ப்பான். உயரத்தில் சென்டிரல் ரெயில் நிலையத்தின் மணிக்கூண்டு தெரியும். "ஓகோ, மெட்ராஸ் வந்துவிட்டான்" என்று நாமும் புரிந்துகொள்வோம்.

அவன் மதுரைப் பக்கத்துப் பையன் என்று கதையில் சொல்லியிருப்பார்கள். மதுரை ரெயில் சென்டிரலுக்கு எதற்குப் போகிறது? அது வந்து நிற்பது எழும்பூரில் அல்லவா!

மணிக்கூண்டு பார்க்க நன்றாக இருக்கும். அதனால் கேமராக்காரர்கள் அங்கே போனார்கள். நிஜத்தில் தென்னாட்டு மக்கள் இறங்கியது சிவப்பும் வெள்ளையுமாக, கும்மட்டம் வைத்து, அகலமாக உட்கார்ந்திருக்கிற எழும்பூர்க் கட்டடத்தில்தான்.

சென்னைக்கு மூன்று பழைய ரெயில் வாசல்கள் உண்டு. முதல் வாசல் ராயபுரம். தென்னிந்தியாவின் முதல் ரெயில் 1856-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி அங்கிருந்துதான் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. இரண்டாவது வாசல் சென்டிரல். அது 1873-ம் ஆண்டு வந்தது. பம்பாய், டெல்லி, கல்கத்தா என்று வடக்கே போகிறவர்களுக்கு அதுதான் வழி.

மூன்றாவது வாசல் எழும்பூர். சென்டிரல் இந்தியாவுக்குப் போகிற வாசல் என்றால், எழும்பூர் தமிழ்நாட்டுக்காரன் தன் தலைநகருக்குள் நுழைகிற வாசல்.

டாக்டர் கொடுத்த நிலம்

எழும்பூர் நிலையம் நிற்கிற நிலத்துக்கு ஒரு கதை இருக்கிறது.

அந்தக் காலத்தில் தெற்கே ரெயில் விட்டது தென்னிந்திய ரெயில்வே கம்பெனி. அதன் தலைமை அலுவலகம் திருச்சியில் இருந்தது. சென்னையில் பெரியதாக ஒரு நிலையம் கட்ட வேண்டும் என்று கம்பெனி முடிவு செய்தது. எழும்பூரில் இடம் பார்த்தது. அந்த இடத்தில் முக்கியமான ஒரு பகுதி டாக்டர் புல்னி ஆண்டி என்பவருக்குச் சொந்தமாக இருந்தது.

பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். நம் பழனியாண்டிதான் இங்கிலீஷில் புல்னி ஆண்டி ஆகியிருக்கிறார்! சீமைக்குப் போய் மருத்துவப் பட்டம் வாங்கிவந்த முதல் இந்தியர்களில் அவர் ஒருவர்.

"நிலத்தைக் கொடுங்கள்" என்று கேட்டது கம்பெனி. டாக்டர் முதலில் சம்மதிக்கவில்லை. இதைக் கொடுத்துவிட்டால் வேறு இடம் தேடுவது கஷ்டம் என்பது அவருடைய கவலை. கடைசியில் 1904-ம் ஆண்டு சம்மதித்தார். விலை ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்து ஒரு லட்சம்!

1905-ம் ஆண்டு கட்டட வேலை தொடங்கியது. வரைபடம் போட்டதில் ஹென்றி இர்வினின் பெயர் முதலில் வருகிறது. அவரோடு சேர்ந்து வேலை பார்த்தவர் கம்பெனியின் கட்டடக்கலை நிபுணர் பேர்ட். கட்டி முடித்த காண்டிராக்டர் பெங்களூரைச் சேர்ந்த சாமிநாதப் பிள்ளை. மொத்தச் செலவு சுமார் 17 லட்சம் ரூபாய்.

1908-ம் ஆண்டு ஜூன் 11-ந்தேதி நிலையம் திறக்கப்பட்டது.

இந்த ஹென்றி இர்வின் சாதாரண ஆள் இல்லை. கன்னிமாரா நூலகத்தின் பழைய கட்டடம் அவர் கைவண்ணம். ஐகோர்ட்டுக் கட்டடத்தை முடித்துக் கொடுத்ததும் அவர்தான். தசரா நாளில் விளக்குப் போட்டு ஜொலிக்கிற மைசூர் அரண்மனையும் அவர் வரைந்ததே. ராஜாவுக்கு அரண்மனை கட்டிய கைதான் நமக்கு ரெயில் நிலையமும் கட்டிக் கொடுத்திருக்கிறது.

நிலையத்தின் எதிரில் ஓடுகிற சாலையின் பெயர் காந்தி-இர்வின் சாலை. கட்டடம் வரைந்த இர்வினை வைத்துத்தான் அந்தப் பெயர் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை! அது வேறு இர்வின். 1931-ம் ஆண்டு காந்தியடிகளோடு ஒப்பந்தம் செய்துகொண்ட வைஸ்ராய் இர்வின் பிரபு அவர். ஒரு இர்வின் கட்டிய நிலையத்துக்கு இன்னொரு இர்வினின் தெருவில் வாசல்! இந்த வேடிக்கை எழும்பூரில்தான் நடக்கும்.

சின்னப் பாதை, பெரிய கூட்டம்

எழும்பூர் என்றால் பழைய ஆட்களுக்கு ஞாபகம் வருவது மீட்டர் கேஜ்.

இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே ஒரு மீட்டர் அகலம். அதுதான் மீட்டர் கேஜ். சென்டிரலில் ஓடியது பிராட் கேஜ். அதன் அகலம் 1.676 மீட்டர். இந்த ரெயில் அந்தப் பாதையில் ஓடாது. அந்த ரெயில் இந்தப் பாதையில் ஓடாது.

இதனால் என்ன ஆயிற்று? டெல்லியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிறவர் சென்டிரலில் இறங்கியாக வேண்டும். மூட்டை முடிச்சுகளைத் தூக்கிக்கொண்டு எழும்பூருக்கு வந்தாக வேண்டும். நடுவில் இருப்பது சுமார் 2 கிலோ மீட்டர்தான். ஆனால் அந்த 2 கிலோ மீட்டரை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் ஏராளம்.

முதலில் ஜட்கா வண்டி. அப்புறம் கை ரிக்‌ஷா. மனிதனை மனிதன் இழுக்கிற அந்தக் கை ரிக்‌ஷாவைத் தமிழக அரசு 1973-ம் ஆண்டு ஒழித்தது. சைக்கிள் ரிக்‌ஷா, டாக்சி, ஆட்டோ என்று வண்டிகள் மாறின. ஆனால் கேள்வி மாறவில்லை: "சென்டிரலுக்கு எவ்வளவு கேக்கறே?"

காசு கொடுக்க மனமில்லாதவர்கள் சாமர்த்தியமாக மின்சார ரெயில் ஏறி, அடுத்த ஸ்டேஷனான பார்க்கில் இறங்கி, சாலையைத் தாண்டி சென்டிரலுக்கு நடந்துவிடுவார்கள்.

அந்த மின்சார ரெயிலும் எழும்பூர்க் கதையில் ஒரு பெரிய அத்தியாயம். கடற்கரை - தாம்பரம் மின்சார ரெயில் 1931-ம் ஆண்டு ஓடத் தொடங்கியது. இந்தியாவில் மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரெயில் ஓடியது இங்கேதான் முதல் முறை.

அதுவரை பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் எல்லாம் பட்டணத்துக்கு வெளியே இருந்த ஊர்கள். மின்சார ரெயில் வந்ததும் கதை மாறியது. பாரிமுனையில் கணக்கெழுதுகிறவர் தாம்பரத்தில் வீடு கட்டலாம் என்று ஆனது. தென் சென்னையை நீட்டிவிட்டது அந்த ரெயில்தான். சீசன் டிக்கெட்டும் டிபன் பாக்சுமாகத் தினம் ஏறி இறங்குகிறவர்களுக்கு இது தெரியாத விஷயமல்ல.

கொழும்புக்கு ஒரு டிக்கெட்!

எழும்பூரில் ஒரு காலத்தில் கொழும்புக்கே டிக்கெட் கொடுத்தார்கள் என்றால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். நிஜம்தான்!

1914-ம் ஆண்டு பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. எழும்பூரில் ஏறுகிறவர் தனுஷ்கோடி வரைக்கும் ரெயிலில் போவார். அங்கே கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்குவார். அக்கரையில் இன்னொரு ரெயில் காத்திருக்கும். அதில் ஏறினால் கொழும்பு. ரெயில், கப்பல், மறுபடி ரெயில். எல்லாவற்றுக்கும் சேர்த்து டிக்கெட்! கப்பலோடு சேர்ந்த ரெயில் என்பதால் இதற்கு "போட் மெயில்" என்று பெயர்.

1964-ம் ஆண்டு டிசம்பர் 22-ந்தேதி இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரெயிலைக் கடல் கொண்டுபோயிற்று. அதற்கப்புறம் ராமேசுவரத்திலிருந்து கொஞ்ச காலம் கப்பல் ஓடியது. 1980-களில் அதுவும் நின்றது.

கப்பல் போய்விட்டது. கொழும்பு டிக்கெட்டும் போய்விட்டது. ஆனால் ராமேசுவரம் ரெயிலைப் "போட் மெயில்" என்று சொல்கிற வாய் மட்டும் மாறவில்லை. எழும்பூரில் பழைய பெயர்கள் அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை.

1996-ம் ஆண்டு மெட்ராஸ் சென்னை ஆயிற்று. 2019-ம் ஆண்டு சென்டிரலுக்கு எம்.ஜி.ஆர். பெயர் வைக்கப்பட்டது. எழும்பூர் எழும்பூராகவே இருக்கிறது. ரெயில்வே கணக்கில் அதன் சுருக்கப் பெயர் எம்.எஸ். மெட்ராசின் முதல் எழுத்து அதில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

நடந்து போகிற தூரத்தில்

இவ்வளவு இருந்தும், கும்மட்டத்தையும் போர்ட்டிகோவையும் பார்த்து இந்த நிலையத்துக்கு மதிப்புப் போட்டால் பாதிதான் கணக்காகும். மீதிக் கணக்கு வெளியே இருக்கிறது. நிலையத்தின் வாசலில் நின்று நாலு பக்கமும் பாருங்கள்.

குழந்தைகள் ஆஸ்பத்திரி பக்கத்தில். பிரசவ ஆஸ்பத்திரி பக்கத்தில். 1844-ம் ஆண்டிலேயே தொடங்கிய பிரசவ ஆஸ்பத்திரி அது. "எழும்பூர் ஆஸ்பத்திரி" என்றால் தமிழ்நாடு முழுக்கத் தெரியும். ஊர் ஆஸ்பத்திரியில், "பட்டணத்துக்குக் கொண்டுபோயிடுங்க" என்று கையை விரித்த பிறகு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிற தாய்க்கு எழும்பூரில் இறங்குவது எவ்வளவு பெரிய உதவி!

எழும்பூர் கோர்ட்டு பக்கத்தில். வாய்தாவுக்கு வருகிறவர் காலையில் இறங்கி, முகம் கழுவி, இட்லி சாப்பிட்டுவிட்டு நடந்தே போய்விடலாம்.

எதிரே காந்தி-இர்வின் சாலையில் ஆவணக் காப்பகம். நிலையம் திறந்த மறு ஆண்டு, 1909-ல், கட்டி முடித்த கட்டடம். பாட்டன் காலத்து நிலத்துக்கு ஆதாரம் தேடி வருகிறவர்களுக்கு அங்கேதான் வேலை.

பாந்தியன் சாலைப் பக்கம் திரும்பினால் மியூசியம், கன்னிமாரா நூலகம். சர்க்கார் பரீட்சைக்குப் படிக்கிற பையன்கள் காலையிலேயே நூலகத்தில் இடம் பிடிக்கிறார்கள். அவர்களில் பல பேர் இதே நிலையத்தில் ஒரு பையோடு இறங்கியவர்கள்தான்.

கென்னட் லேனுக்குள் போனால் லாட்ஜுகள். ஒரு நாள் தங்குகிறவருக்கும் அறை உண்டு. குளித்து உடை மாற்றிக்கொண்டு போகிறவருக்கும் இடம் உண்டு. சுற்றிலும் சாப்பாட்டுக் கடைகள். ஒரு டீ குடித்தால் நாலு விலாசம் கேட்டுக்கொள்ளலாம்.

"அண்ணாச்சி, இந்த அட்ரசுக்கு எப்படிப் போறது?"

"எந்த ஊர் தம்பி?"

"சாத்தூர் பக்கம்."

"அட, நம்ம பக்கமா! இந்தா, இப்படி நேராப் போயி..."

இந்த மாதிரிப் பேச்சு நடக்காத காலை எழும்பூரில் கிடையாது. பையில் காசு குறைவாக வைத்திருக்கிறவனுக்கு நடந்து போகிற தூரம்தான் பெரிய சலுகை. எழும்பூர் அந்தச் சலுகையை யாரிடமும் கேள்வி கேட்காமல் கொடுத்தது.

இதில் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. பழைய எழும்பூரில் ஏற்றத்தாழ்வு இல்லாமல் இல்லை. முதல் வகுப்புக்கு ஒரு காத்திருக்கும் அறை, மூன்றாம் வகுப்புக்கு இன்னொரு அறை. காரில் வருகிற துரைமார்களின் வண்டி பிளாட்பாரத்தை ஒட்டியே வந்து நிற்கும். மூட்டை தூக்கி வருகிறவர் கூட்டத்தில் முட்டி மோதி வர வேண்டும். ஆனால் கார்க்காரரும் மூட்டைக்காரரும் வந்து இறங்கியது ஒரே நிலையத்தில்!

மீட்டர் கேஜ் போனது

1977-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந்தேதி வைகை எக்ஸ்பிரஸ் வந்தது. பகல் வெளிச்சத்திலேயே மதுரைக்கும் சென்னைக்கும் போய் வரலாம் என்று ஆனபோது மக்கள் ஆச்சரியப்பட்டார்கள். குட்டிப் பாதையில் அவ்வளவு வேகம் அப்போது பெரிய விஷயம்.

அப்புறம் அந்தக் குட்டிப் பாதையே இல்லாமல் போயிற்று. தெற்குப் பாதைகள் ஒவ்வொன்றாக அகலப் பாதையாக மாறின. 2004-ம் ஆண்டோடு எழும்பூரில் மீட்டர் கேஜுக்கு விடை கொடுத்தாயிற்று. டெல்லிக்காரர் சென்டிரலிலிருந்து எழும்பூருக்கு மூட்டை தூக்கி வர வேண்டிய கட்டாயமும் போயிற்று.

"இனி எழும்பூருக்கு என்ன வேலை?" என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. ஆனால் கூட்டம் குறையவில்லை. கூடிற்று! 2018-ம் ஆண்டு மே மாதம் பூமிக்கு அடியில் மெட்ரோ ரெயிலும் வந்து எழும்பூரில் நின்றது.

எழும்பூர் தாங்கிக்கொண்டது. எந்தப் புது ரெயில் வந்தாலும் தாங்கிக்கொள்ளும். இப்போது வந்திருக்கிற சங்கதி வேறு.

வாசல் நகர்கிறது

2022-ம் ஆண்டு மே 26-ந்தேதி எழும்பூர் நிலையத்தைப் புதுப்பித்துக் கட்டுவதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மதுரை, காட்பாடி, ராமேசுவரம், கன்னியாகுமரி நிலையங்களும் அதே பட்டியலில் இருந்தன. எழும்பூருக்கு மட்டும் செலவு 700 கோடி ரூபாய்க்கு மேல். 17 லட்சத்தில் கட்டிய நிலையத்துக்கு 700 கோடியில் புதுப்பிப்பு!

காந்தி-இர்வின் சாலைப் பக்கமும் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கமும் புதிய கட்டடங்கள் எழும்புகின்றன. பழைய கும்மட்டக் கட்டடம் அப்படியே இருக்கும் என்று ரெயில்வே சொல்லியிருக்கிறது. நல்ல செய்தி. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் கட்டடத்தைக் காப்பாற்றினால் போதுமா? அங்கே யார் வந்து இறங்கப் போகிறார்கள்?

முதலில் பஸ்சைப் பாருங்கள். ஒரு காலத்தில் வெளியூர் பஸ் பாரிமுனைக்கே வந்தது. 2002-ம் ஆண்டு கோயம்பேட்டுக்குப் போயிற்று. 2023-ம் ஆண்டு டிசம்பர் 30-ந்தேதி கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்டது. தெற்கே போகிற, தெற்கிலிருந்து வருகிற பஸ்கள் அங்கே மாறின. கிளாம்பாக்கம் எங்கே இருக்கிறது? வண்டலூருக்கும் அப்பால்! தென்மாவட்டக்காரருக்கு பஸ் வாசல் ஊருக்கு வெளியே போய்விட்டது. ஊருக்கு நடுவில் மிச்சம் இருப்பது ரெயில் வாசல் ஒன்றுதான்.

இனி ரெயிலைப் பாருங்கள்.

2018-ம் ஆண்டு அந்தியோதயா எக்ஸ்பிரஸ் வந்தது. முழுக்க முழுக்க முன்பதிவு இல்லாத பெட்டிகள். கவுண்டரில் டிக்கெட் வாங்கி ஓடிப்போய் ஏறுகிற ஏழை எளியவர்களுக்காகவே விட்ட ரெயில். திருநெல்வேலி வரைக்கும் விட்டார்கள். பிறகு நாகர்கோவில் வரைக்கும் நீட்டினார்கள். நல்ல காரியம். ஆனால் அது புறப்பட்டது எங்கிருந்து? தாம்பரத்திலிருந்து!

2023-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந்தேதி திருநெல்வேலிக்கு வந்தே பாரத் விட்டார்கள். முழுக்க ஏ.சி. அது எங்கே வந்து நின்றது? எழும்பூரில்!

2025-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந்தேதி புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அன்றைக்கே ராமேசுவரத்திலிருந்து ஒரு புது ரெயிலும் விட்டார்கள். அது வந்து சேர்ந்த ஊர் தாம்பரம். பழைய பாம்பன் பாலத்து ரெயில் எழும்பூருக்கு வந்தது. புதிய பாலத்து முதல் புது ரெயில் தாம்பரத்தோடு நின்றது!

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதிகம் காசு கொடுத்து உட்கார்ந்து வருகிறவருக்கு நகரத்தின் நடுவில் இறங்க வசதி. குறைந்த காசில் நின்றுகொண்டே வருகிறவருக்கு 25 கிலோ மீட்டர் முன்னாலேயே, "இறங்கு!"

வேண்டுமென்று செய்ததாகச் சொல்லவில்லை. நெல்லை எக்ஸ்பிரசிலும் கன்னியாகுமரி எக்ஸ்பிரசிலும் முன்பதிவு இல்லாத பெட்டிகள் எப்போதும் உண்டு. அவற்றில் நசுங்கிப் பிதுங்கி எழும்பூருக்கு வந்தவர்கள் கணக்கற்றவர்கள். ஆனால் போகிற போக்கு நல்லதாகத் தெரியவில்லை.

ரெயில்வே சொல்கிற நியாயம்

ரெயில்வே பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

எழும்பூரில் இருப்பவை 11 பிளாட்பாரங்கள். ஒரு ரெயில் வந்தால் அதைக் கழுவ வேண்டும், தண்ணீர் நிரப்ப வேண்டும், நிறுத்தி வைக்க வேண்டும். சுற்றிலும் கட்டடங்கள். இடத்துக்கு எங்கே போவது? தாம்பரத்தில் இடம் இருக்கிறது. புது ரெயிலை அங்கே நிறுத்தினால்தான் ரெயிலே விட முடியும் என்பது அவர்கள் வாதம்.

இன்னொன்று. சென்னை முன்பு மாதிரி இல்லை. கூடுவாஞ்சேரி, தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் என்று லட்சக்கணக்கான பேர் தெற்கே குடியேறிவிட்டார்கள். அவர்களுக்குத் தாம்பரத்தில் ரெயில் நின்றால் வசதிதானே? எழும்பூர் வரைக்கும் போய்த் திரும்பி வருவதற்கு அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

சரிதான். இரண்டும் ஒத்துக்கொள்ள வேண்டிய நியாயங்கள்.

ஆனால் ஒரு கேள்வி. எல்லா ரெயிலுக்கும் எழும்பூரில் இடம் இல்லை என்றால், யாருடைய ரெயிலை உள்ளே விடுவது, யாருடைய ரெயிலை வெளியே நிறுத்துவது? சொந்தக் கார் வைத்திருக்கிறவர் தாம்பரத்தில் இறங்கினாலும் சமாளித்துக்கொள்வார். டிரைவர் வந்து நிற்பார். நோயாளிப் பிள்ளையோடு வருகிற தாய் என்ன செய்வாள்? பையையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு படி ஏறி, படி இறங்கி, ஆபீஸ் நேரத்து மின்சார ரெயிலில் அவள் ஏற முடியுமா? தினம் அதில் போகிறவர்களுக்குத்தான் தெரியும், காலை 8 மணிக்கு அதில் ஒற்றைக் காலை வைப்பதே எவ்வளவு பாடு என்று!

என்ன செய்யலாம்?

பெரிய யோசனை ஒன்றும் வேண்டாம். சாதாரண விஷயங்களே போதும்.

தெற்கிலிருந்து வருகிற சாதாரண வகுப்பு ரெயில்களில் சிலவற்றையாவது காலையில் எழும்பூருக்குள் விட வேண்டும். புதிய நிலையம் கட்டுவதே அதிகப் பயணிகளைத் தாங்கத்தானே?

தாம்பரத்தோடு நிற்கிற ரெயில் வருகிற நேரத்தில் அங்கிருந்து ஒரு மின்சார ரெயில் காத்திருந்து புறப்பட வேண்டும். பெட்டி படுக்கையோடு ஏற அதில் இடம் வேண்டும். ஒரு காலத்தில் தனுஷ்கோடியில் ரெயிலுக்காகக் கப்பலே காத்திருந்தது. தாம்பரத்தில் ஒரு மின்சார ரெயில் காத்திருக்கக் கூடாதா?

எழும்பூரின் புதிய கட்டடத்தில் கடைகள் வரும். கார் நிறுத்த மாடி வரும். வரட்டும். அதோடு காசு கொடுக்காமல் உட்கார பெஞ்சுகள் வேண்டும். குடிக்கத் தண்ணீர்க் குழாய் வேண்டும். முன்பதிவு இல்லாத டிக்கெட் கவுண்டர் தேடாமல் கண்ணில் படுகிற இடத்தில் இருக்க வேண்டும். இட்லியும் டீயும் கூலி வேலைக்காரர் வாங்குகிற விலையில் கிடைக்க வேண்டும்.

முக்கியமாக, வாசலை விட்டு வெளியே வந்ததும் தெரு இருக்க வேண்டும். சுற்றிச் சுற்றி நடந்து, மாடி ஏறி இறங்கி, கார்களுக்கு வழிவிட்டு, அப்புறம்தான் தெரு என்று ஆகிவிடக் கூடாது. எழும்பூரின் பெரிய பெருமையே, ரெயிலை விட்டு இறங்கினால் நாலு எட்டில் ஊருக்குள் வந்துவிடலாம் என்பதுதான்.

கடைசிப் பெட்டி

நீங்கள் ஒரு நாள் விடியற்காலையில் எழும்பூர் பிளாட்பாரத்துக்குப் போய்ப் பாருங்கள். முன்பதிவு இல்லாத பெட்டிகளை ரெயிலின் முனைகளில்தான் பெரும்பாலும் கோத்திருப்பார்கள். கடைசிப் பெட்டியில் வருகிறவர் இறங்கி வெகு தூரம் நடந்து வர வேண்டும். ராத்திரி முழுக்கத் தூங்காத கண். தோளில் ஒரு பை. சட்டைப் பையில் யாரோ எழுதிக் கொடுத்த விலாசம்.

இந்த நகரத்தில் மளிகைக் கடை வைத்தவர், ஓட்டல் நடத்துகிறவர், அச்சாபீசில் வேலை பார்த்தவர், குமாஸ்தாவாகச் சேர்ந்து மேனேஜராக ஓய்வு பெற்றவர், எத்தனை பேருக்கு முதல் நாள் இப்படித்தான் தொடங்கியிருக்கும்! உங்கள் அப்பாவைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேருடைய பட்டணக் கதை எழும்பூர் பிளாட்பாரத்திலிருந்துதான் ஆரம்பிக்கும்.

கும்மட்டம் நிற்கும். சிவப்பு வர்ணம் புதிதாக அடிப்பார்கள். ராத்திரியில் விளக்குப் போடுவார்கள். எல்லாம் சரி.

அந்தக் கடைசிப் பெட்டிக்காரர் வருகிற ரெயிலும் அங்கேயே வந்து நிற்கட்டும். பக்கத்தில் தூங்குகிறவரைத் தட்டி எழுப்பி அவரும் சொல்ல வேண்டும்:

"எழும்பூர் வந்தாச்சு. இறங்கு!"